ஆறு மாதக் குழந்தைக்குத் தலை ஹெல்மெட்: தொடரலாமா, கழற்றிவிடலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே நிலைமையில் இருக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். மகனுக்கு ஆறாவது மாதம் நடக்கிறது. பின்தலையில் வலது பக்கம் தட்டை. பெங்களூரில் ஸ்கேன் எடுத்து, தலை வடிவத்தைச் சரிசெய்கிற ஹெல்மெட் செய்து போட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. பாலக்கோட்டு வெயிலில் தலை நனைந்துபோகிறது, நாற்றம் வருகிறது, கழற்றினால் சிவப்புத் தடம் இருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் "தலையில அடிபட்டுச்சா, மூளையில ஏதாவதா" என்று கேட்கிறார்கள். மாமியார், "நம்ம வீட்டுல எத்தனை குழந்தை வளந்திருக்கு, யாருக்கு இதெல்லாம் போட்டோம், கழட்டி வீசு" என்கிறார். வீட்டுக்காரர் ஓசூரில் ஷிப்ட் வேலை, பகலெல்லாம் நீங்கள் ஒருத்தியே. கழற்றிவிட்டால் குழந்தைக்குப் பின்னால் பிரச்சினை வருமா என்பதுதான் கேள்வி.

நான் கிருஷ்ணகிரியில் குழந்தைகளுக்கு பிசியோதெரபி பார்க்கிறவள். கழுத்து ஒரு பக்கம் திரும்பாத குழந்தைகளும் தலை தட்டையான குழந்தைகளும் எங்களிடம் அடிக்கடி வருவார்கள், அதனால் இதை ஹெல்மெட் விற்கிறவர் பக்கமும் நிற்காமல் மாமியார் பக்கமும் நிற்காமல் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

இது தலையின் வடிவத்துக்கான சிகிச்சை, மூளைக்கானது இல்லை. மற்ற எல்லாவற்றையும் இதிலிருந்துதான் யோசிக்க வேண்டும். ஒரே பக்கமாகப் படுத்துத் தட்டையாகிற தலைக்கு பொசிஷனல் பிளேஜியோசெஃபலி என்று பெயர். உள்ளே மூளைக்கு இடம் குறைவதில்லை, அது தன்பாட்டுக்கு வளர்கிறது, மண்டை ஓடுதான் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்திருக்கிறது. ஆகவே ஹெல்மெட் போடாவிட்டால் புத்தி மந்தமாகும் என்று யாராவது சொல்லியிருந்தால் அதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தப் பயத்தில் எடுக்கிற முடிவு எந்தப் பக்கம் போனாலும் சரியாக இருக்காது. பயம் போனால்தான் "இவ்வளவு தட்டைக்கு இவ்வளவு கஷ்டம் தேவையா" என்ற சரியான கேள்வியே கேட்க முடியும்.

ஆனால் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும். மண்டை ஓட்டின் எலும்புகளுக்கு நடுவே உள்ள தையல்கள் நேரம் வருவதற்கு முன்பே ஒட்டிக்கொண்டால் அது கிரேனியோசினோஸ்டோசிஸ், வேறு நோய், அதற்கு அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும், அங்கே மூளைக்கு அழுத்தம் வரவும் வாய்ப்பு உண்டு. பெரும்பாலும் கண்ணாலும் கையாலுமே குழந்தை மருத்துவர் பிரித்துச் சொல்லிவிடுவார். மேலேயிருந்து தலையைப் பார்த்தால், படுத்துத் தட்டையான தலை சாய்ந்த கட்டம் மாதிரி தெரியும்: உங்கள் மகன் விஷயத்தில் வலது பின்பக்கம் தட்டை, வலது காது முன்னால் தள்ளியிருக்கும், வலது நெற்றியும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கும். தையல் ஒட்டியிருந்தால் வடிவம் வேறு மாதிரி போகும், விரலால் தடவினால் ஒரு மேடு தட்டுப்படலாம், மாதாமாதம் குறையாமல் கூடிக்கொண்டே போகும். பிறந்தபோது தலை சரியாக இருந்து இரண்டாவது மூன்றாவது மாதத்தில் தட்டையானது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அது படுக்கைத் தட்டைக்கான வரலாறுதான். இருந்தாலும் பெங்களூரில் ஸ்கேன் எடுத்தவர் ஹெல்மெட் செய்கிறவர், மருத்துவர் இல்லை. உள்ளூரில் ஒரு குழந்தை மருத்துவர் தலையைத் தொட்டுப் பார்த்து "தையல் சரியாக இருக்கிறது" என்று சொல்லியிருக்கிறாரா? இல்லையென்றால் இந்த வாரமே காட்டுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் குழந்தைப் பிரிவு இருக்கிறது, அங்கே டிஇஐசி (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கண்டறிந்து கவனிக்கும் மையம்) எங்கே என்று கேட்டால் வளர்ச்சி, கழுத்து, கை கால் அசைவு எல்லாம் சேர்த்துப் பார்ப்பார்கள், காசு இல்லை. நீங்களாகப் போய் சிடி ஸ்கேன் எடுக்காதீர்கள், சந்தேகம் இருந்தால் மட்டும் மருத்துவர் எழுதுவார்.

அடுத்தது கழுத்து. ஹெல்மெட்டை விட இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். தலை ஏன் ஒரே பக்கம் தட்டையானது? ஏனென்றால் குழந்தை ஒரே பக்கம் திரும்பிப் படுத்தது. ஏன் அப்படிப் படுத்தது? பல குழந்தைகளுக்குக் கழுத்தின் ஒரு பக்கத் தசை இறுக்கமாக இருக்கும், அதை டார்டிகாலிஸ் என்பார்கள். எங்களிடம் வருகிற குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து ஒரு சாவிக்கொத்தைக் காட்டி மெதுவாக நகர்த்துவோம். நல்ல பக்கம் கொண்டுபோனால் கன்னம் பாய் தொடுகிற அளவுக்குத் தலை திரும்பும். மறுபக்கம் கொண்டுபோனால் பாதி தூரம் தலை வரும், அப்புறம் கண் மட்டும் ஓரத்துக்குப் போகும், அதுக்கும் மேலே நகர்த்தினால் தலை திரும்பாமல் தோளோடு சேர்ந்து உடம்பே புரளும். சத்தம் போடும், சாவி வேண்டும், ஆனால் கழுத்து விடாது. உங்கள் மகனுக்கு வலது பக்கம் தட்டை என்றால் இடது கழுத்துத் தசை இறுக்கமாக இருக்க வாய்ப்பு. இன்றைக்கே வீட்டில் சாவிக்கொத்தை வைத்துப் பாருங்கள். இறுக்கம் இருந்தால் பயிற்சி ஆரம்பித்தே ஆக வேண்டும், இல்லையென்றால் ஹெல்மெட் ஒரு பக்கம் சரி பண்ணுகிறதும் கழுத்து மறுபடி அதே பக்கம் இழுக்கிறதுமாக மாதங்கள் ஓடும். பயிற்சியை யூடியூப் பார்த்துச் செய்யாதீர்கள், ஒருமுறை நேரில் உங்கள் கையைப் பிடித்துக் காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள், எவ்வளவு தூரம் போகலாம் என்பது கைக்குத்தான் தெரிய வேண்டும்.

சரி, ஹெல்மெட் என்ன செய்கிறது? அது தலையை அமுக்குவதில்லை. பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள், மாமியாரும் அப்படி நினைத்துத்தான் பதறுகிறார் என்று தோன்றுகிறது. நம் பக்கம் புடலங்காய் சுருளாமல் இருக்க நுனியில் கல் கட்டித் தொங்கவிடுவோமே, காயை நீட்டுவது கல் இல்லை, அதன் சொந்த வளர்ச்சிதான், கல் வழி மட்டும் காட்டுகிறது. அதே வேலைதான் இது. துருத்திய இடத்தில் ஹெல்மெட் லேசாக ஒட்டி நிற்கும், தட்டையான இடத்தில் உள்ளே காலி இடம் விட்டிருப்பார்கள், தலை வளரும்போது அந்தக் காலி இடத்துக்குள் வளரும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரச்சொல்லி உள்ளே இருக்கிற ஃபோமை அங்கங்கே செதுக்கிக் கொடுப்பது அதற்காகத்தான்.

வளர்ச்சிதான் மருந்து என்பதால் வயது முக்கியம். பிறக்கும்போது தலைச் சுற்றளவு ஏறத்தாழ 35 சென்டிமீட்டர், முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 2 சென்டிமீட்டர் கூடும், அடுத்த மூன்று மாதம் 1, ஆறு மாதத்துக்குப் பிறகு அரை. அதனால்தான் நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது என்கிறார்கள், ஒரு வயதுக்கு மேல் பெரிய பலன் இருக்காது. உங்கள் மகன் சரியான வயதில்தான் ஆரம்பித்திருக்கிறான்.

இப்போது தொடர்வதா வேண்டாமா. மறைக்காமல் சொல்கிறேன், இதில் மருத்துவர்களிடையே ஒரே கருத்து கிடையாது. நெதர்லாந்தில் 84 குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு செய்து 2014இல் வெளியிட்டார்கள். பாதிப்பேருக்கு ஹெல்மெட், மீதிப்பேருக்கு ஒன்றும் போடாமல் விட்டார்கள். இரண்டு வயதில் அளந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி: ஹெல்மெட் போட்டவர்களில் 26 சதவீதம் முழுசாகச் சரியானார்கள், போடாதவர்களில் 23 சதவீதம். வியர்வை, தோல் சிவப்பு, நாற்றம் என்று ஹெல்மெட் போட்ட எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு தொந்தரவு, அங்கே குளிர் நாட்டிலேயே அப்படி. இதைப் பார்த்துவிட்டு ஹெல்மெட்டே வீண் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் அந்த ஆய்வில் மிகக் கடுமையான தட்டை உள்ள குழந்தைகளையும் கழுத்துத் தசை இறுக்கம் உள்ளவர்களையும் சேர்க்கவில்லை, பல குழந்தைகளுக்கு ஹெல்மெட் சரியாகப் பொருந்தவும் இல்லை. அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர்கள் அமைப்பான சிஎன்எஸ் 2016இல் கொடுத்த வழிகாட்டுதலோ, படுக்கை மாற்றமும் பிசியோதெரபியும் பார்த்த பிறகும் நடுத்தர அல்லது கடுமையான தட்டை மீதி இருந்தால் ஹெல்மெட் போடலாம் என்கிறது.

ஆகவே உங்கள் மகனின் எண் என்ன என்று தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் சிவிஏஐ என்று ஒன்று இருக்கும். தலையின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, வித்தியாசத்தைச் சதவீதமாகச் சொல்வது அது. ஒரு பக்கம் 140 மில்லிமீட்டர், மறுபக்கம் 130 என்றால் வித்தியாசம் 10, சதவீதத்தில் 7க்கு மேல் வரும். 3.5க்குக் கீழே என்றால் சாதாரணம், 6.25 வரை லேசானது, 8.75 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை, 11ஐத் தாண்டினால் மிகக் கடுமை. என் அபிப்பிராயம்: லேசான கணக்கில் இருந்தால், கழுத்துப் பயிற்சியும் விழித்திருக்கும்போது குப்புறப் போடுவதும் ஒழுங்காக நடந்தால், ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டாலும் உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. நடுத்தரத்துக்கு மேல் என்றால், பணமும் கொடுத்து ஆரம்பித்தும் விட்டீர்கள், வயதும் சரி, இன்னும் ஆறு வாரம் ஒழுங்காகப் போட்டுவிட்டு மறு அளவு எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டுப் பேச்சுக்காக இப்போது கழற்ற வேண்டாம்.

ஒழுங்காக என்றால் 23 மணி நேரம். பகலில் மட்டும் போட்டு ராத்திரி கழற்றினால் தலை பாயில் அழுந்துகிற நேரமெல்லாம் ஹெல்மெட் இல்லாமல் போய்விடும். ராத்திரியும் மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும், தட்டைக்குப் பயந்து தூக்கத்தில் குப்புறப் போடாதீர்கள். மல்லாக்கப் படுக்கவைக்கச் சொன்ன பிறகு அமெரிக்காவில் தொட்டில் மரணங்கள், அதாவது கைக்குழந்தைகள் தூக்கத்தில் திடீரென்று இறந்துபோவது, பாதிக்குமேல் குறைந்தன, அதன் பக்க விளைவாகத்தான் தட்டைத் தலை கூடியது, உயிருக்கு முன்னால் தட்டை பெரிய விஷயம் இல்லை. தூளியும் தூக்கத்துக்கு வேண்டாம், உடம்பு வளைந்து கழுத்து மடங்கும், சமதளப் பாய்தான் நல்லது. கடுகுத் தலையணை, நடுவில் குழி வைத்த தலையணை எதுவும் வாங்காதீர்கள், தலைக்கு வடிவம் தரும் என்று விற்கிற இந்தத் தலையணைகள் ஆபத்து என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2022இலேயே எச்சரித்துவிட்டது.

மீதி இருக்கிற அந்த ஒரு மணி நேரம்தான் உங்கள் கையில் இருக்கிற சிகிச்சை, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஹெல்மெட்டைக் கழற்றியதும் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். சன்னல் பக்கம் வெளிச்சத்தில் உட்கார்ந்து தலையைச் சுற்றி ஒரு பார்வை பாருங்கள், முக்கியமாகத் துருத்திய இடம், காதுக்குப் பின்னால், பிடரி மடிப்பு. சிவப்பு இருக்கும், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் அது ஹெல்மெட் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்தான். நேரத்தைப் பார்த்துக்கொண்டு மொபைலில் ஒரு படம் எடுங்கள். அப்புறம் குளிப்பாட்டுங்கள், குழந்தை ஷாம்புவால் தலையைக் கழுவுங்கள், துண்டால் ஒற்றி எடுங்கள். ஒரு மணி நேரம் முடிகிறபோது மறுபடி அதே இடத்தைப் பாருங்கள். சிவப்பு மங்கிப் போயிருந்தால் கவலை இல்லை, மாட்டிவிடுங்கள். அப்படியே இருந்தால், கொப்புளம் வந்திருந்தால், தோல் உரிந்து நீர் கசிந்தால், மாட்டாமல் கிளினிக்குக்கு இரண்டு படத்தையும் அனுப்புங்கள், ஃபோமைச் செதுக்க வேண்டியிருக்கும். அதற்கு மேல் களிம்பு தடவி ஹெல்மெட்டைப் போட்டு மூடுவது கூடவே கூடாது.

குழந்தை குளிக்கிற நேரத்தில் ஹெல்மெட்டையும் சுத்தம் செய்துவிடுங்கள். கிளினிக்கில் சொன்ன ஆல்கஹாலை உள்ளே தெளித்து, தனியாக வைத்த ஒரு மென்மையான டூத்பிரஷ்ஷால் தேய்த்து, ஃபேன் காற்றில் காயவிடுங்கள். அந்தப் புளித்த நாற்றம் வியர்வையும் தோல் அழுக்கும் ஃபோமில் ஏறுவதால் வருவது, தினமும் தேய்த்தால் அடங்கும். சீக்கிரம் காயட்டும் என்று மொட்டை மாடியில் வெயிலில் வைக்காதீர்கள், நிறுத்திய காருக்குள்ளும் விடாதீர்கள், வடிவம் போய்விட்டால் ஹெல்மெட்டே வீண். ஈரமாக மாட்டவும் கூடாது.

வெயில் நிஜமான பிரச்சினைதான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஓசூர்க்காரர்களுக்கு ராத்திரியாவது குளிர்ந்துவிடும், பாலக்கோடு, தருமபுரி, அரூர் பக்கம் சித்திரையில் ராத்திரியும் புழுக்கம். முதல் ஒன்றிரண்டு வாரம் தலை ரொம்ப வியர்க்கும், பிறகு உடம்பு பழகிக்கொள்ளும். நடுவில் நாலைந்து தடவை கழற்றி, தலையையும் உள்பக்கத்தையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து உடனே மாட்டிவிடலாம், அதற்கு ஒன்றிரண்டு நிமிடம்தான் ஆகும், கிளினிக்கில் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். கையில்லாத மெல்லிய பருத்திச் சட்டை போதும். ஹெல்மெட்டுக்கு உள்ளேயோ மேலேயோ துணித் தொப்பி வேண்டாம். கரண்ட் போய்விட்டுப் புழுக்கம் தாங்காமல் குழந்தை சோர்ந்து தெரிந்தால் கழற்றிவிடுங்கள், அன்றைக்கு 21 மணி நேரம் ஆனால் ஒன்றும் ஆகிவிடாது. காய்ச்சல் வந்தாலும் கழற்றிவிட்டு, இறங்கியபின் மாட்டுங்கள். தடுப்பூசி போட்ட அன்றைக்கு இது நினைவில் இருக்கட்டும்.

நம் வீட்டு வழக்கங்களில் சிலதை இந்த சில மாதம் தள்ளிவைக்க வேண்டும். உச்சியில் விளக்கெண்ணெய் வைப்பது, தலையில் பவுடர், நெற்றியில் பெரிய மை, மூன்றும் ஹெல்மெட்டுக்குள் வியர்வையோடு கலந்து தோலைக் கெடுக்கும். திருஷ்டி மையை உள்ளங்காலில் வையுங்கள். குளித்தபின் தலை காய சாம்பிராணி போடுவதும் வேண்டாம், புகை குழந்தையின் மூச்சுக்கு நல்லதில்லை. மொட்டை பற்றிப் பலரும் கேட்பார்கள். முடி போனால் ஹெல்மெட் பொருத்தம் மாறும், சவரக் கத்தி கீறிய இடத்தில் ஹெல்மெட் உரசினால் புண்ணாகும். குலதெய்வக் கோயில் மொட்டையைச் சிகிச்சை முடிகிற வரைக்கும் தள்ளிவைக்க முடிந்தால் நல்லது, முடியாதென்றால் கிளினிக்குக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, கீறல் ஆறுகிற வரை கழற்றி வையுங்கள். காது குத்துவதையும் அப்படியே தள்ளிவையுங்கள், கம்மல் ஹெல்மெட் ஓரத்தில் மாட்டும்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். அவர் குழந்தை மேல் உள்ள பாசத்தில்தான் பேசுகிறார், அதோடு அவர் சொல்வதில் ஒரு உண்மையும் இருக்கிறது. முன்பெல்லாம் குழந்தையை ஒருத்தர் மாற்றி ஒருத்தர் இடுப்பில், தோளில், மடியில் வைத்திருந்தார்கள், தலை ஒரே இடத்தில் அழுந்த நேரமே இருக்காது. பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் குப்புறப் போட்டு முதுகு தேய்த்துக் குளிப்பாட்டுவாரே, நாங்கள் டம்மி டைம் என்று பெயர் வைத்து எழுதிக் கொடுக்கிற பயிற்சி அதேதான். அந்த வேலையை அவரிடமே கொடுங்கள். தலையை மட்டும் உருட்டிப் பிடித்து வடிவம் கொண்டுவரப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "அத்தை, டாக்டர் இவனை ஒரு நாளைக்கு மொத்தமா ஒரு மணி நேரமாவது குப்புறப் போடச் சொல்லியிருக்காங்க, நீங்க போட்டாத்தான் அழாம இருக்கான்" என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள். அளவு எண்ணை அவர் கண்ணால் பார்த்து, ஃபோம் செதுக்குவதையும் பார்த்துவிட்டு வந்தால் தெருவில் கேட்கிறவர்களுக்கு அவரே பதில் சொல்லுவார். ராயக்கோட்டை வழியாகப் போகிற பெங்களூர் ரயிலில் போனால் குழந்தையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளலாம், காரில் மணிக்கணக்கில் பின்தலை அழுந்த உட்காரவைப்பதை விட அது நல்லது.

வெளியாட்கள் கேட்டால் நீளமாக விளக்க வேண்டியதில்லை. "தலை ஒரு பக்கம் தட்டையா இருக்கு, வடிவத்துக்காகப் போட்டிருக்கு, சில மாசத்துல எடுத்துடுவாங்க" என்றால் போதும். உங்களால்தான் இப்படி ஆனது என்று யாராவது சொன்னால் அது பொய். முதல் குழந்தை, ஆண் குழந்தை, குறைமாதம், இரட்டை, கருவி வைத்து எடுத்த பிரசவம், கருப்பையிலேயே கழுத்து ஒரு பக்கம் மடங்கியிருந்தது, இப்படிப் பல காரணங்கள் உண்டு, மல்லாக்கப் படுக்கவைத்தது உங்கள் தவறு இல்லை. பகலில் தனியாக இருப்பதால் களைத்துப்போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டுக்காரர் எந்த ஷிப்டில் இருந்தாலும் தினமும் ஒரு கழற்றல், சுத்தம் செய்தல், மாட்டல் அவர் பொறுப்பு என்று வைத்துவிடுங்கள். சிவப்பை இரண்டு பேர் கண் பார்ப்பது குழந்தைக்கும் நல்லது.

கிளினிக்கில் அடுத்த விசிட்டில் நான்கு விஷயம் கேளுங்கள்: முதல் நாள் சிவிஏஐ எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு, கொடுத்த பணத்தில் இனி வரப்போகிற விசிட்களும் சேர்த்தியா, தலை வளர்ந்து இரண்டாவது ஹெல்மெட் வேண்டுமென்றால் அதற்குத் தனியாகவா. எண்களை எழுதி வாங்குங்கள், "நல்லா இருக்கு, முன்னேற்றம் தெரியுது" என்ற வாய்ப்பேச்சு போதாது. ஆறு வாரம் ஒழுங்காகப் போட்டும், கழுத்துப் பயிற்சி செய்தும் எண் கொஞ்சமும் இறங்கவில்லை என்றால் பொருத்தம் சரியில்லாமல் இருக்கலாம், பார்த்துத் திருத்தித் தரச் சொல்லுங்கள், அதற்கும் இறங்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம். இதற்கு நடுவில் தலைச் சுற்றளவு வேகமாகக் கூடினாலோ, அடிக்கடி வாந்தி எடுத்தாலோ, உச்சிக்குழி புடைத்து நின்றாலோ, குழந்தை எப்போதும் தூங்கி வழிந்தாலோ, ஹெல்மெட் கிளினிக்குக்குப் போன் செய்துகொண்டிருக்காமல் நேராகக் குழந்தை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.